அரசியல் விளம்பரத்தில் உங்கள் முகம்: கேட்காமல் போட்டுவிட்டால் என்ன செய்வது?

தேர்தல் நேரத்தில் ஒரு துண்டறிக்கையிலோ பேனரிலோ ஃபேஸ்புக் விளம்பரத்திலோ திடீரென்று உங்கள் முகம் தென்படுகிறது. உங்களை யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் நீங்கள் ஒருநாளும் சொல்லாத ஒரு வாசகம். இப்படி மாட்டிக்கொள்பவர்களில் பலர் சாதாரண ஆட்கள்தான். எப்போதோ எடுத்த நிச்சயதார்த்தப் படம், அலுவலக இணையதளத்தில் போட்ட படம், குழந்தையின் வேடிக்கையான படம் என்று ஏதோ ஒன்று எங்கேயோ கிடைத்திருக்கும், எடுத்து ஒட்டியிருப்பார்கள்.

“என் முகம், என்னைக் கேட்காமல் எப்படிப் போடலாம்?” என்று கோபம் வருவது நியாயம். ஆனால் பல நாடுகளில், அரசியல் என்று வந்துவிட்டால், சட்டம் கொஞ்சம் தடுமாறுவது அந்த இடத்தில்தான். அதே படத்தின் மேல் படம் எடுத்தவருக்கு இருக்கும் பதிப்புரிமையோ அரசியல் விளம்பரத்திலும் பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றித்தான் போகும்: அந்தப் படத்தை எடுத்தது யார்?

முதல் வேலை: ஆதாரம்

யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால், எதையும் எழுதுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். நீங்கள் புகார் சொன்ன மறுநிமிடம் பதிவு காணாமல் போகலாம். போனால் நிம்மதிதான், ஆனால் பிறகு “அப்படி ஒன்று இருந்ததே இல்லை” என்று சொன்னால் கையில் எதுவும் இருக்காது.

இணையத்தில் வந்தது என்றால் முழுத் திரையும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பக்கத்தின் பெயர், இணைய முகவரி, தேதி, நேரம், எத்தனை பேர் பகிர்ந்திருக்கிறார்கள் என்பது எல்லாம் அதில் விழ வேண்டும். முகத்தை மட்டும் வெட்டி எடுத்த படம் எதற்கும் உதவாது. வீடியோ என்றால் திரையைப் பதிவு செய்துகொள்ளுங்கள். இணையதளம் என்றால் ஆர்க்கைவ்.ஆர்க் தளத்தில் அந்தப் பக்கத்தைச் சேமித்துவிடுங்கள். உங்கள் ஸ்கிரீன்ஷாட்டை எதிர்த்தரப்பு சந்தேகப்படலாம். மூன்றாவது ஆள் வைத்திருக்கும் நகலை அவ்வளவு சுலபமாகச் சந்தேகப்பட முடியாது.

காசு கொடுத்துப் போட்ட விளம்பரமா என்று தெரிய, ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் விளம்பர நூலகத்தைப் பாருங்கள். அரசியல் விளம்பரம் என்று வகைப்படுத்தியவற்றை அதில் 7 ஆண்டுகள் வைத்திருக்கிறார்கள். பணம் கொடுத்தது யார், சுமாராக எவ்வளவு செலவு, எத்தனை முறை காட்டப்பட்டது என்பதெல்லாம் அங்கே கிடைக்கும். கூகுளிலும் இதேபோல ஒரு விளம்பர வெளிப்படைத்தன்மை மையம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய அரசியல் விளம்பர விதிகள் 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தபோது இந்த இரண்டு நிறுவனங்களும் அங்கே அரசியல் விளம்பரங்களை ஏற்பதையே நிறுத்திவிட்டன. ஆகவே அங்கே இருப்பவர்கள் சாதாரணப் பதிவுகளையும் சேர்த்துத் தேட வேண்டும்.

அச்சில் வந்தது என்றால் அந்தத் தாளையே எடுத்து வையுங்கள், முடிந்தால் இரண்டு பிரதி. அப்புறம் அடியில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இந்தியாவில் 1951-ம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 127ஏ-படி தேர்தல் துண்டறிக்கையிலும் சுவரொட்டியிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். பிரிட்டனிலும் அச்சுக்கு இந்த விதி உண்டு. 2023 நவம்பரிலிருந்து இணைய விளம்பரங்களுக்கும் விரிவாகியிருக்கிறது. பெயர் இருந்தால் யாருக்கு எழுதுவது என்று தெரிந்துவிட்டது. இல்லாவிட்டால் அதுவே புகார் கொடுக்கத் தனியான ஒரு காரணம். பேனர் என்றால் கிட்டத்தில் ஒரு படம், தெருவும் சுற்றுப்புறமும் தெரியத் தள்ளி நின்று ஒரு படம். கிழிக்க வேண்டாம். பிறகு பிரச்சினை உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

படம் எங்கிருந்து போனது?

விளம்பரத்தில் இருக்கும் படத்தை கூகுள் லென்ஸிலோ டின்ஐ தளத்திலோ போட்டுத் தேடுங்கள். மூலம் பெரும்பாலும் நான்கைந்து இடங்களில் ஒன்றாகத்தான் இருக்கும்: உங்கள் சமூக வலைத்தளப் பக்கம், வேறு ஒருவர் உங்களை எடுத்துப் போட்டது, தொழில்முறைப் புகைப்படக்காரரின் தளம், பத்திரிகை, அல்லது ஸ்டாக் போட்டோ நிறுவனம் (எடுத்து வைத்த படங்களை யாருக்கும் உரிமம் போட்டு விற்பவர்கள்).

மூலத்தைக் கண்டுபிடித்ததும் அசல் கோப்பைத் தேடி எடுங்கள். கேமராவிலோ போனிலோ இருக்கும் அசலில் எடுத்த தேதி, கருவி போன்ற விவரங்கள் உள்ளேயே பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பிய நகலில் அவை அழிந்துபோயிருக்கும். ஆகவே அசலைப் புகைப்படக்காரரிடமிருந்து வாங்கும்போது கோப்பாகவே அனுப்பச் சொல்லுங்கள்.

“நீங்களே பொதுவில் போட்டு வைத்திருந்தீர்களே” என்று ஒரு பதில் வரும். இது வாதமே அல்ல. நீங்கள் படத்தை ஏற்றும்போது அந்த நிறுவனத்துக்குத்தான் சில உரிமைகளைத் தருகிறீர்கள். அதைப் பார்த்துவிட்டுப் போகிற கட்சிக்கோ வேட்பாளருக்கோ எதையும் தரவில்லை.

ஸ்டாக் போட்டோவில் மாடலாக நின்றவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய நிறுவனங்களின் உரிமத்திலேயே தடை இருக்கும். எடுத்துக்காட்டாக, ஷட்டர்ஸ்டாக் உரிமம், படத்தில் இருப்பவர் ஒரு கட்சியையோ வேட்பாளரையோ ஆதரிப்பதுபோலக் காட்டும் அரசியல் பயன்பாட்டை அனுமதிப்பதில்லை. விளம்பரம் போட்டவரோடு சண்டை போடுவதைவிட, படத்தை விற்ற நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுவது இங்கே வேகமான வழி. தன் வாடிக்கையாளர் விதியை மீறினார் என்றால் அது அவர்கள் பிரச்சினை.

ஒரு படம், இரண்டு உரிமை

முழுக் கட்டுரையையும் படிக்க நேரமில்லை என்றால் இந்தப் பகுதியை மட்டுமாவது படியுங்கள்.

படத்தில் இருப்பவருக்குத் தன் உருவத்தின் மேல் ஒரு உரிமை. படத்தை எடுத்தவருக்கு அந்தப் படத்தின் மேல் ஒரு பதிப்புரிமை. இரண்டும் வெவ்வேறு சட்டங்களில் இருக்கின்றன, வெவ்வேறு வேகத்தில் வேலை செய்கின்றன.

முதல் உரிமை நாட்டுக்கு நாடு தலைகீழாக மாறும். ஜெர்மனியில் 1898-ல் முன்னாள் ஆட்சித் தலைவர் பிஸ்மார்க் இறந்த இரவு, இரண்டு புகைப்படக்காரர்கள் வீட்டுக்குள் நுழைந்து உடலைப் படமெடுத்தார்கள். அந்த விவகாரம் கிளப்பிய கேள்விகளின் தொடர்ச்சியாக 1907-ல் வந்த சட்டம் இன்றும் அங்கே நடைமுறையில் இருக்கிறது: ஒருவரின் படத்தை அவர் ஒப்புதல் இருந்தால்தான் பரப்பலாம், விதிவிலக்குகள் தனி. அமெரிக்காவில் கதை வேறு. ஓர் இளம்பெண்ணின் படத்தை மாவு விளம்பரத்தில் 25,000 பிரதிகள் அச்சிட்ட வழக்கில் நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 1902-ல் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. மக்கள் கொதித்தார்கள், மறு ஆண்டே சட்டம் வந்தது. ஆனால் வணிகத்துக்காகவும் விளம்பரத்துக்காகவும் படத்தைப் பயன்படுத்துவதை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம் அது. கலிபோர்னியாவின் சட்டமோ அரசியல் பிரசாரத்தில் ஒருவரின் படத்தைப் பயன்படுத்த ஒப்புதல் தேவையில்லை என்றே வெளிப்படையாகச் சொல்கிறது. சோப்பு விற்கக் கேட்க வேண்டும், ஓட்டு வாங்கக் கேட்க வேண்டாம்! எனக்கு இது தலைகீழாகத்தான் தெரிகிறது. ஆனால் அரசியல் பேச்சுக்கு உச்சபட்சச் சுதந்திரம் என்ற அவர்களின் கொள்கையிலிருந்துதான் இது வருகிறது.

இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 1994-ல் ராஜகோபால் வழக்கில், ஒருவரின் பெயரையோ உருவத்தையோ ஒப்புதலின்றி விளம்பரத்துக்கோ வேறு எதற்குமோ பயன்படுத்துவது தனியுரிமையை மீறும் செயல் என்று சொல்லியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அடையாளம் தெரியும் படம் தனிப்பட்ட தரவு. அதிலும் அரசியல் கருத்தைக் காட்டும் தரவுக்கு அங்குள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் கூடுதல் பாதுகாப்பு தருகிறது. உங்களை ஒரு கட்சியின் ஆதரவாளர்போலக் காட்டும் விளம்பரத்துக்கு எதிராக அங்கே இது கூர்மையான ஆயுதம்.

இனி இரண்டாவது உரிமை என்ன செய்யும் என்பதற்கு இரண்டு வழக்குகள்.

2012-ல் கொலராடோ மாநிலத்தில் ஓர் அமைப்பு, தன்பால் இணையர் இருவரின் நிச்சயதார்த்தப் படத்தை எடுத்து, பின்னணியில் இருந்த நியூயார்க் காட்சியை நீக்கி, பனி மூடிய மரங்களை ஒட்டி, ஒரு செனட்டரைத் தாக்கும் துண்டறிக்கையில் போட்டது. அந்த இருவரும் அவர்களின் புகைப்படக்காரரும் சேர்ந்து வழக்குத் தொடர்ந்தார்கள். 2014-ல் நீதிமன்றம் முகத்தைப் பயன்படுத்தியது பற்றிய கோரிக்கையைக் கருத்துச் சுதந்திரத்தின் பேரில் தள்ளுபடி செய்தது. பதிப்புரிமைக் கோரிக்கையை மட்டும் தொடர அனுமதித்தது. காயம்பட்டவர்கள் அந்த இருவர். கதவு திறந்தது புகைப்படக்காரருக்கு.

அடுத்தது, கைமுஷ்டியில் மணலோடு நிற்கும் குழந்தையின் படம். ‘சக்சஸ் கிட்’ என்று உலகமெல்லாம் சுற்றிய மீம் அது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஸ்டீவ் கிங்கின் பிரசாரக் குழு அதை 2020-ல் நிதி திரட்டப் பயன்படுத்தியது. படத்தை எடுத்தவர் குழந்தையின் தாய். பதிப்புரிமையையும் பதிவு செய்து வைத்திருந்தார். 2022-ல் ஜூரி, பிரசாரக் குழு பதிப்புரிமையை மீறியது என்றது. தனியுரிமைக் கோரிக்கை தோற்றது. 2024-ல் மேல்முறையீட்டிலும் அதே முடிவுதான். நஷ்டஈடு எவ்வளவு தெரியுமா? 750 டாலர். ஜெயிப்பதும் பணம் பார்ப்பதும் வேறு வேறு என்பதை இப்போதே மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, பதிப்புரிமை யாருடையது? செல்ஃபி என்றால் உங்களுடையது. நண்பர் எடுத்தால் நண்பருடையது. வீடியோவிலிருந்து பிடித்த படம் என்றால் வீடியோ எடுத்தவருடையது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தில்தான் குழப்பம். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், இந்தியாவில் பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பொதுவாகப் புகைப்படக்காரர். கனடாவில் 2012 வரையிலும் சிங்கப்பூரில் 2021 நவம்பர் வரையிலும் பணம் கொடுத்தவர் பக்கம் சாய்ந்திருந்த விதி, பிறகு எடுத்தவர் பக்கம் மாறிவிட்டது. ஆகவே படம் எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்பதும் முக்கியம். பிரிட்டனில் நல்ல ஏற்பாடு ஒன்று உண்டு. சொந்தக் குடும்பத் தேவைக்காகக் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் பதிப்புரிமை வேறொருவரிடம் இருந்தாலும், அதை வெளியிட விடாமல் தடுக்கும் உரிமை எடுக்கச் சொன்னவருக்கு உண்டு. 1988-ம் ஆண்டுச் சட்டத்தின் 85-வது பிரிவு இது. கல்யாணப் படக்காரர்கள் பலருக்கே இது தெரியாது.

உரிமை புகைப்படக்காரரிடம் இருந்தால் இன்றைக்கே அவரைக் கூப்பிட்டு இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, “இந்தப் படத்தை யாருக்காவது விற்றீர்களா, அனுமதி கொடுத்தீர்களா?” இரண்டு, “புகாரில் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா, அல்லது உரிமையை எனக்கு எழுதித் தருவீர்களா?” பெரும்பாலான புகைப்படக்காரர்கள் உங்களைவிடக் கோபமாக இருப்பார்கள், அவர்களையும்தான் யாரும் கேட்கவில்லை. அவர் முறைப்படி அனுமதி கொடுத்திருந்தால் மட்டும் இந்தக் கதவு மூடிவிடும். 2016-ல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறும் வாக்கெடுப்பின்போது, ‘பிரேக்கிங் பாயின்ட்’ என்ற சுவரொட்டியில் எல்லையில் வரிசையாக நடந்துபோகும் அகதிகளின் படம் வந்தது. படங்களை விற்கும் கெட்டி இமேஜஸ் நிறுவனத்தின் படம். முறையாக உரிமம் வாங்கியிருந்தார்கள். படமெடுத்தவருக்கே அந்தப் பயன்பாடு பிடிக்கவில்லை. படத்தில் நடந்துபோன மனிதர்களை யாரும் கேட்கவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் அதற்கு ஒரு பதிலும் கிடையாது.

உங்களை என்னவாகக் காட்டியிருக்கிறார்கள்?

பொதுக்கூட்டத்தில் ஆயிரம் தலைகளில் ஒரு தலையாக நீங்கள் தெரிந்தால், பெரும்பாலான இடங்களில் அதோடு விட்டுவிடுவதுதான் நல்லது. உங்களைத் தனியாகப் பெரிதாகக் காட்டி “நான் இவருக்குத்தான் வாக்களிப்பேன்” என்று எழுதியிருந்தால், நீங்கள் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டுவது அது. உங்களைக் குற்றவாளிபோல, ஏமாற்றுக்காரர்போல, நோயாளிபோலக் காட்டியிருந்தால் அவதூறுச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். அந்த நிலையில் நேராக வக்கீலிடம் போங்கள், நீங்களே கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். குழந்தையின் படம் என்றாலும் அப்படித்தான்.

கடிதம்

மற்ற சூழ்நிலைகளில் முதல் கடிதத்தை நீங்களே எழுதலாம். சுருக்கமாக, திட்டாமல், ஒரு கெடுவோடு. கட்சிகளில் விளம்பரம் தயாரிப்பது பல நேரம் வெளி ஏஜென்சி. படத்தை எடுத்து ஒட்டிய வடிவமைப்பாளருக்கு நீங்கள் யாரென்றே தெரியாது. மேலிடத்துக்குத் தெரிந்ததும் எடுத்துவிட்டால் போதும் என்றுதான் நினைப்பார்கள். ஆகவே கடிதம் மூன்று பேருக்கும் போக வேண்டும்: வேட்பாளர் அல்லது கட்சி அலுவலகம், பணம் கொடுத்ததாகக் காட்டப்பட்டவர், அச்சிட்டவர் அல்லது ஏஜென்சி. மாதிரிக்கு:

“…… தேதியில் …… இடத்தில் / பக்கத்தில் நீங்கள் வெளியிட்ட விளம்பரத்தில் என் புகைப்படம் உள்ளது (நகல் இணைப்பு). இதற்கு நான் ஒப்புதல் அளிக்கவில்லை. படத்தின் பதிப்புரிமை என்னிடம் / ……இடம் உள்ளது. அங்கிருந்தும் அனுமதி பெறப்படவில்லை. 48 மணி நேரத்துக்குள் இந்த விளம்பரத்தை எல்லா இடங்களிலிருந்தும் நீக்கி, மீதமுள்ள அச்சுப் பிரதிகளின் விநியோகத்தை நிறுத்தி, படத்தை மீண்டும் பயன்படுத்த மாட்டோம் என்று எழுத்தில் உறுதியளிக்கவும். படம் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் தெரிவிக்கவும். என் மற்ற உரிமைகள் எதையும் இக்கடிதத்தால் விட்டுக்கொடுக்கவில்லை.”

முதல் கடிதத்திலேயே பணம் கேட்காதீர்கள். கேட்டால் விஷயம் அவர்களின் வக்கீல் மேசைக்குப் போய் அங்கேயே உட்கார்ந்துவிடும்; வாக்குப்பதிவு அதற்குள் முடிந்துவிடும். கடைசி வரி இருப்பதால் பணத்தைப் பிறகு கேட்கலாம். விருப்பமான கட்சி, பிடிக்காத கட்சி என்ற பேச்சையும் கடிதத்தில் கொண்டுவர வேண்டாம். நாளைக்கு அந்தக் கடிதமே ஒரு பதிவாக இணையத்தில் வரலாம் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

சமூக வலைத்தளத்தில் பகிரங்கமாக மறுப்பு எழுதுவது? அது படத்தை இன்னும் ஆயிரம் பேருக்குக் கொண்டுபோகும். உங்களைத் தெரிந்தவர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள் என்றால் மட்டும் எழுதுங்கள், அதுவும் விளம்பரத்தை இணைக்காமல். 2024-ல் அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் தன்னை டிரம்ப் ஆதரவாளராகக் காட்டிய செயற்கைப் படங்களுக்குத் தன் இன்ஸ்டாகிராமிலேயே பதில் சொன்னார். அவருக்கு அந்தக் குரல் இருக்கிறது; நமக்கு இருப்பது கடிதம்.

தளங்களும் அலுவலகங்களும்

கெடு முடியும்வரை காத்திருக்காமல் இணையதளத்துக்கும் புகார் கொடுங்கள். இங்கேதான் பதிப்புரிமை பளிச்சென்று வேலை செய்கிறது. பெரிய தளங்கள் பெரும்பாலும் டிஎம்சிஏ என்ற அமெரிக்க இணையப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி நடப்பவை. பதிப்புரிமைப் புகார் வந்தால் விரைவாக நீக்கினால்தான் அவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு. “என் முகம்” என்ற புகாருக்கு அந்த அவசரம் கிடையாது. ஆனால் புகார் கொடுப்பவர் உரிமையாளராகவோ அவர் நியமித்தவராகவோ இருக்க வேண்டும். உங்களுடையது இல்லாத படத்தை உங்களுடையது என்று சொல்லிப் புகார் கொடுத்தால் பொறுப்பு உங்கள் தலையில் விழும். எதிர்த்தரப்பு மறுப்பு கொடுத்து, நீங்கள் வழக்குப் போடாவிட்டால், 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் படம் திரும்ப வந்துவிடும். பிரசாரத்தின் கடைசிக் கட்டத்தில் அந்த இரண்டு வாரமே போதுமானது.

ஐரோப்பாவில் இருந்தால் கட்சிக்கே ஜிடிபிஆர்படி நீக்கக் கோரிக்கை அனுப்புங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் தரவுப் பாதுகாப்பு ஆணையம். தேர்தல் ஆணையத்துக்கும் எழுதலாம், குறிப்பாக அச்சிட்டவர் பெயர் இல்லாவிட்டால். விளம்பரத் தர அமைப்புகளை மட்டும் நம்பி நாளைக் கழிக்காதீர்கள். பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் 1999-லிருந்து தேர்தல் விளம்பரங்களைக் கையில் எடுப்பதே இல்லை.

எதுவும் நடக்கவில்லை என்றால் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கேட்பதுதான் மிச்சம். “தெரிந்து இத்தனை நாள் என்ன செய்தீர்கள்?” என்று நீதிபதி கேட்பார். முதல் நாளே கடிதம் அனுப்பச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

படமே செயற்கையாக இருந்தால்

செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய படத்தில் புகைப்படக்காரரே இல்லை, ஆகவே பதிப்புரிமை என்ற பிடி நழுவிவிடும். உங்கள் உண்மையான படத்திலிருந்து மாற்றியது என்று காட்ட முடிந்தால் பிடி திரும்பக் கிடைக்கும். அதனால் உடை, தலை சாய்ந்திருக்கும் கோணம், வெளிச்சம் ஆகியவற்றை உங்கள் பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் ஆள்மாறாட்டம், போலிப் படம் என்ற பிரிவில் தளத்தில் புகார் கொடுங்கள். இந்தியத் தேர்தல் ஆணையம் 2024 மே மாதத்தில், இப்படிப்பட்ட போலிப் படங்கள் கவனத்துக்கு வந்தால் 3 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று கட்சிகளுக்கு உத்தரவிட்டது.

சமரசத்துக்கு வந்தால்

பெரும்பாலும் நீக்கிவிட்டு “தவறுதலாக நடந்துவிட்டது” என்று ஒரு பதில் வரும். அதோடு முடித்துக்கொள்வதா என்பது உங்கள் விருப்பம். மேலே போவதென்றால் அமெரிக்காவில் உள்ளவர்கள் படத்தின் பதிப்புரிமையைப் பதிவு செய்தாக வேண்டும். அமெரிக்கப் படத்துக்குப் பதிவு இல்லாமல் வழக்கே போட முடியாது. மீறலுக்கு முன்போ, படம் வெளியான 3 மாதத்துக்குள்ளோ பதிவு செய்திருந்தால்தான் சட்டம் நிர்ணயித்த நஷ்டஈடு கேட்கலாம். அது பொதுவாக 750 முதல் 30,000 டாலர் வரை, வேண்டுமென்றே செய்தது என்று நிரூபித்தால் 1,50,000 வரை.

சமரச ஒப்பந்தம் நீட்டினால் மூன்று இடங்களைப் பாருங்கள். ஏஜென்சியும் கிளை அமைப்புகளும் அதில் கட்டுப்படுகின்றனவா, கட்சி மட்டுமா? அவர்களிடம் உள்ள கோப்பை அழிப்பார்களா, அல்லது விளம்பரத்தை மட்டும் எடுப்பார்களா? “இதைப் பற்றி யாரிடமும் பேச மாட்டேன்” என்ற வரியில், அந்தக் கட்சியை நீங்கள் ஆதரிக்கவில்லை என்று சொல்லும் உரிமையாவது மிஞ்சுகிறதா? மிஞ்சாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த வரியைத் திருத்தித் தரச் சொல்லுங்கள்.